ஆஞ்சியோவில் அடைப்பில்லை, வலி மட்டும் நிற்கவில்லை

காரணம் விளங்காத நெஞ்சு வலி என்று மருத்துவர் எழுதுவதற்கு ஒரு பின்னணி உண்டு. இ.சி.ஜி. எடுத்தாயிற்று, ரத்தத்தில் மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் பார்த்தாயிற்று, எக்கோவும் பல நேரம் ஆஞ்சியோவும்கூட முடிந்துவிட்டன. மாரடைப்பு இல்லை, ரத்தக்குழாயில் பெரிய அடைப்பும் இல்லை. ஆனால் வலி வந்துகொண்டே இருக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும் குறையவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வருபவர்களில் பெரும்பாலோரின் வலிக்கு இதயத் தமனி அடைப்பு காரணமாக இருப்பதில்லை. ஆகவே இந்த நிலையில் வீடு திரும்புவோரின் எண்ணிக்கையும் பெரிது. விளங்காதது என்ற சொல், அதுவரை செய்த சோதனைகளின் எல்லையைத்தான் பெரும்பாலும் சொல்கிறது. ஒவ்வொரு சோதனையும் தன்னிடம் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் தரும். பெரிய குழாயில் அடைப்பு உண்டா என்று கேட்டால் ஆஞ்சியோ பதில் சொல்லும். வலி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

வலியின் இடத்தை வைத்து மூலத்தைப் பிடிப்பது கடினம் என்பதற்கு உடலமைப்பே காரணம். இதயம், பெருந்தமனி, உணவுக்குழாய் ஆகியவற்றின் உணர்நரம்புகள் தண்டுவடத்தின் மேல்மார்புக் கண்டங்களில் போய்ச் சேர்கின்றன. நெஞ்சின் தோலும் தசையும் கையின் உட்புறமும் செய்தி அனுப்புவது ஏறக்குறைய அதே கண்டங்களுக்குத்தான். எந்தக் கிளையிலிருந்து செய்தி வந்தது என்று மூளையால் பிரித்தறிய முடிவதில்லை. அதனால் இதயத்தின் வலி தாடையிலும் இடக்கையிலும் தெரிகிறது. உணவுக்குழாயின் வலி இதய வலியாகவே தோன்றுகிறது. உதரவிதானத்தின் நரம்பு கழுத்திலிருந்து இறங்குவதால், அதன் உறுத்தல் தோள்பட்டையில் போய் வலிக்கிறது. உள்ளுறுப்பு வலி உள்ளவர் பெரும்பாலும் உள்ளங்கையை விரித்தோ முஷ்டியை மடக்கியோ நெஞ்சின் நடுவில் வைத்துக் காட்டுவார். ஒற்றை விரலால் ஓர் இடத்தைத் தொட்டு ‘இங்கேதான்’ என்பவரின் வலி தசையையோ எலும்பையோ சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். மூச்சுத் திணறலும் ஒரே உணர்வல்ல. நெஞ்சை இறுக்குகிறது என்பவர், காற்று போதவில்லை என்பவர், மூச்சு விடவே உழைக்க வேண்டியிருக்கிறது என்பவர் என மூவரும் மூன்று வேறு கோளாறுகளைச் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

வில்லியம் ஹெபர்டன் 1768-இல் லண்டன் மருத்துவர் கழகத்தில் ஆஞ்சைனாவை விவரித்தபோது அவரிடம் எந்தக் கருவியும் இல்லை. நடக்கும்போது, அதிலும் மேடேறும்போது அல்லது சாப்பிட்டவுடன் நடக்கும்போது வருகிறது, நின்றால் போய்விடுகிறது என்ற ஒழுங்கை மட்டுமே அவர் கவனித்தார். இதயத் தமனி அடைப்புதான் காரணம் என்பதுகூட அவருக்குத் தெரியாது. ஆனாலும் அந்த ஒழுங்கு இன்றுவரை நோயறிதலின் முதல் படியாக நிற்கிறது. எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எதனால் கூடுகிறது, எதனால் அடங்குகிறது என்ற நான்கு கேள்விகளுக்கு ஒழுங்கான பதில் கிடைத்தால், அடுத்த ஸ்கேனைவிட அது அதிகம் சொல்லும்.

முதலில் ஒதுக்க வேண்டியவை உயிரைப் பறிக்கக்கூடியவை. மாரடைப்பில் முதல் இ.சி.ஜி. சரியாகவே இருக்கலாம், ட்ரோபோனின் ஏறச் சில மணி நேரம் ஆகும். ஒரே ஒரு சோதனையோடு நிறுத்தாமல் இடைவெளி விட்டு மறுபடி எடுப்பது அதனால்தான். நீரிழிவு உள்ளவர்கள், முதியவர்கள், பெண்கள் ஆகியோருக்கு வலி பெரிதாக இல்லாமல் மூச்சுத் திணறல், வியர்வை, குமட்டல், காரணமற்ற அசதி மட்டுமே வரலாம். இன்டர்ஹார்ட் என்ற பன்னாட்டு ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டவர்களுக்கு ஏறக்குறைய 59. இந்த வயசில் எப்படி வரும் என்ற சமாதானம் இங்கே செல்லாது. சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்து, ஏப்பம் வந்தால் சரியாகிவிடும் என்று இரவைக் கடத்துவது தமிழ்நாட்டில் மாரடைப்புச் சிகிச்சையின் பொன்னான மணிகளைத் தின்னும் வழக்கம். 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளின் முதல் தவணையைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது இந்தக் கால இழப்பைக் குறைப்பதற்காகத்தான்.

நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி அடைத்துக்கொள்வது மாரடைப்பைவிட நழுவலானது. கட்டி பெரும்பாலும் காலின் ஆழ்சிரையில் உருவாகிறது. அறுவைச் சிகிச்சைக்குப் பின், காலில் மாவுக்கட்டு போட்டுக் கிடக்கையில், பிரசவத்தை ஒட்டி, புற்றுநோயில், சில கருத்தடை மாத்திரைகள் எடுக்கும்போது அதற்கான வாய்ப்பு கூடுகிறது. ஆள் திணறுகிறார், நாடி ஓடுகிறது, ஆக்ஸிஜன் அளவு இறங்குகிறது. மார்பு எக்ஸ்ரேயோ ஏறக்குறைய சுத்தமாக இருக்கிறது. இந்த முரண்தான் துப்பு. டி-டைமர் என்ற ரத்தச் சோதனை, ஆபத்து குறைவாகத் தோன்றும் ஒருவரிடம் இயல்பாக இருந்தால் கட்டி இல்லை என்று சொல்லிவிடலாம். அது கூடியிருந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. கர்ப்பம், தொற்று, முதுமை எல்லாமே அதைக் கூட்டும். அப்போது சி.டி. ஆஞ்சியோதான் வழி. கரையாமல் தங்கிய கட்டிகளால் மாதங்கள் கழித்து நுரையீரல் தமனியின் அழுத்தம் கூடி, படியேறினால் மூச்சு வாங்கும் நிலை வருவதுண்டு. பழைய பிரசவத்தையோ எலும்பு முறிவையோ யாரும் கேட்காவிட்டால் அந்தத் தொடர்பு வெளியே வராது.

பெருந்தமனியின் சுவர் கிழிவது அரிது. ஆனால் நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி முதுகுக்குப் பாய்ந்தாலோ, இரு கைகளின் ரத்த அழுத்தமும் வெகுவாக வேறுபட்டாலோ அதை நினைத்தாக வேண்டும். மாரடைப்புக்குத் தரும் ரத்தக்கட்டி கரைப்பான் அங்கே நஞ்சு. உயரமான, ஒல்லியான இளைஞருக்கு, அதிலும் புகைப்பவருக்கு, ஒரு பக்கம் மட்டும் சட்டென்று குத்தி மூச்சு முட்டினால் நுரையீரல் பொத்துக் காற்று கசிந்திருக்கலாம். சிறிய கசிவு எக்ஸ்ரேயின் மேல் மூலையில் மெல்லிய கோடாக மட்டுமே தெரியும்.

இவை இல்லை என்று உறுதியான பிறகுதான் விளங்காத வலி என்ற தலைப்பே தொடங்குகிறது. அங்கே அதிகம் தவறவிடப்படுவது மறுபடியும் இதயம்தான். ஆஞ்சியோவின் திரையில் தெரிபவை சுமார் அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குழாய்கள். இதயத் தசைக்குள் ஓடி, ரத்த ஓட்டத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் நுண்நாளங்கள் அதில் தெரியாது. அவை விரிய மறுத்தால் பெரிய குழாய்கள் திறந்திருந்தும் தசை ரத்தத்துக்கு ஏங்கும். 1973-இல் ஹார்வி கெம்ப் இத்தகைய நோயாளிகளைக் குறிக்க ‘சிண்ட்ரோம் எக்ஸ்’ என்ற பெயரைப் பயன்படுத்தினார். இன்று அது நுண்நாள ஆஞ்சைனா என்று வழங்குகிறது. பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. இன்னொரு வகை, பிரின்ஸ்மெட்டல் 1959-இல் விவரித்தது: பெரிய தமனியே திடீரென்று சுருங்கிக்கொள்ளும். உழைக்கும்போது வராமல், ஓய்வில், பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும் வரும். சில நிமிடங்களில் அடங்கும். காலை பத்து மணிக்கு வெளிநோயாளர் பிரிவில் எடுக்கும் இ.சி.ஜி.யில் அதற்கு எந்தத் தடயமும் இருக்காது.

ஆஞ்சியோ செய்யும்போதே தமனிக்குள் அசிட்டைல்கோலின் செலுத்திச் சுருக்கத்தைத் தூண்டிப் பார்க்கலாம். நுண்நாளங்களின் தடையை அளக்கும் கம்பியும் உண்டு. ஸ்காட்லாந்தில் நடந்து 2018-இல் வெளியான கார்மிக்கா ஆய்வில், ஆஞ்சைனா இருந்தும் அடைப்பு இல்லாத 151 பேர் சேர்க்கப்பட்டனர். இந்தக் கூடுதல் சோதனைகளின் முடிவைப் பார்த்து மருந்து கொடுக்கப்பட்டவர்களின் வலி, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களின் வலியைவிடக் குறைந்தது. வகை தெரிவது மருந்தை மாற்றுகிறது: நுண்நாள வகைக்குப் பீட்டா தடுப்பான் உதவும்; சுருங்கும் வகைக்கு அதே மருந்து கேடு செய்யலாம், கால்சியம் தடுப்பானும் நைட்ரேட்டும்தான் அங்கே சரி. இந்தியாவில் பெரும்பாலான இடங்களில் இந்தச் சோதனைகள் நடப்பதில்லை. ஆஞ்சியோ நார்மல் என்ற அறிக்கையோடு கோப்பு மூடப்படுகிறது. நோயாளிக்கு, அதுவும் நடுவயதுப் பெண்ணாக இருந்தால், ‘டென்ஷன்’ என்ற பட்டம் கிடைக்கிறது. நெஞ்சு வலி பற்றிய அமெரிக்க வழிகாட்டி 2021-இல் ‘வழக்கத்துக்கு மாறான வலி’ என்ற வகைப்பாட்டையே கைவிடச் சொன்னது. அந்த முத்திரை குத்தியதும் தேடல் நின்றுபோவதுதான் அதற்குக் காரணம்.

இதயத்தைச் சேர்ந்த வேறு சில காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஜப்பானில் 1990-இல் விவரிக்கப்பட்ட டகோட்சுபோ கோளாறில், பெரும் துக்கமோ அதிர்ச்சியோ வந்த கையோடு இதயத்தின் நுனி செயலிழந்து பலூன்போல உப்பும், அச்சு அசல் மாரடைப்பாகவே தெரியும், தமனிகள் திறந்திருக்கும், சில வாரங்களில் இதயம் பழைய நிலைக்குத் திரும்பும். மாதவிலக்கு நின்ற பெண்களே இதற்குப் பெரிதும் ஆளாகிறார்கள். இளைஞர்களுக்குக் காய்ச்சல் கண்டு சில நாள் கழித்து வலி வந்தால் இதயத் தசையில் அழற்சியை நினைக்க வேண்டும். இதய உறை அழற்சியின் வலி மல்லாந்து படுத்தால் கூடும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் தணியும். அதற்குத் தரும் கால்ச்சிசின், தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலிருந்தும் எடுக்கப்படுவது. கண்வலிக் கிழங்கு என்ற பெயரில் திண்டுக்கல், திருப்பூர், கரூர் வட்டாரங்களில் அது பயிராகிறது. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே அளவில் அதிக தூரமில்லாத செடி.

வலியைவிட மூச்சு வாங்குவதே முன்னால் நிற்கும்போது எக்கோ அறிக்கையைச் சற்றுச் சந்தேகத்தோடு படிக்க வேண்டும். இதயம் சுருங்கும் திறன் 60 சதவீதம், நார்மல் என்று அதில் இருக்கும். சுருங்குவதில் குறையில்லாமல், தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்வதில் குறையுள்ள இதயச் செயலிழப்பு ஒன்று உண்டு. ரத்த அழுத்தம், உடற்பருமன், நீரிழிவு உள்ள வயதான பெண்களிடம் அது சர்வசாதாரணம். படுத்தால் மூச்சு முட்டுகிறது, இரண்டு தலையணை வேண்டியிருக்கிறது, மாலையில் கால் வீங்குகிறது என்பன அதன் அடையாளங்கள். சிறுவயது வாதக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கிய பெண்ணுக்கு, கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி கூடும்போதுதான் முதல்முறை மூச்சு வாங்கும். கர்ப்பம் என்றால் அப்படித்தான் என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள்.

நுரையீரல் காரணங்களில் ஆஸ்துமா முதலில் வரும். பகலில் ஊதிப் பார்க்கும் சோதனை சரியாக இருந்தாலும் இரவில் இறுக்கம் வரலாம். வீசிங் சத்தமே இல்லாமல் இருமலும் நெஞ்சு இறுக்கமும் மட்டுமாகவும் இருக்கலாம். பீடி தொடாத பெண்களின் நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்புக்கு விறகடுப்புப் புகை ஒரு பெரிய காரணம்.

தென்னிந்தியாவில் மறக்கக் கூடாத ஒன்று வெப்பமண்டல ஈசினோபீலியா. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில் ஃபிரிமோட்-மோலரும் பார்ட்டனும் 1940-இல், காசநோய்போல எக்ஸ்ரே காட்டியும் காசநோய் இல்லாத நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களின் ரத்தத்தில் ஈசினோபில் அணுக்கள் அளவுகடந்து இருந்தன. யானைக்கால் நோயின் நுண்புழுக்கள் நுரையீரலில் சிக்கிக்கொள்ள, உடல் அவற்றின்மேல் மிகையாகப் பாய்வதுதான் இதன் மூலம் என்பது பின்னால் தெளிவானது. ராத்திரியில் மட்டும் தொண்டை கிழிய இருமல், இழுப்பு, நெஞ்சு வலி, மெலிவு. விடிந்தால் ஓரளவு தணிவு. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்குள் இருக்க வேண்டிய ஈசினோபில் 3000-ஐத் தாண்டியிருக்கும். ரத்தத்தில் புழுவைத் தேடினால் கிடைக்காது. டை-எத்தில் கார்பமசின் மாத்திரை மூன்று வாரம் வரை கொடுத்தால் பெரும்பாலோர் தேறுகிறார்கள். ஆஸ்துமா என்று எண்ணி வெறும் இன்ஹேலரோடு விட்டுவிட்டால் வருடங்கள் போக நுரையீரல் தழும்பேறிக் கெட்டிப்படும். தமிழில் தும்மலுக்கும் சளிக்கும்கூட ‘ஈஸ்னோபீலியா’ என்று சொல்லும் பழக்கம் பரவியிருப்பதால் உண்மையான நோய் அந்தக் கூட்டத்தில் மறைந்துபோகிறது.

மூச்சை இழுக்கும்போது ஒரு பக்கம் குத்துவது நுரையீரல் உறையின் வலி. இந்தியாவில் அந்த உறைக்குள் நீர் கோத்தால் காசநோயை முதலில் தேட வேண்டும். மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் கூட இருந்தால் சொல்லவே வேண்டாம்.

நெஞ்சுக்குள்ளேயே இல்லாத காரணம் ரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் குறைய, இதயம் வேகமாக ஓடி ஈடுகட்டுகிறது. படபடப்பும் மூச்சு வாங்கலும் வருகின்றன. தமனியில் ஏற்கெனவே சிறிது அடைப்பு இருந்தால் வலியும் சேர்கிறது. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 98 என்று காட்டும். இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை பங்கு நிறைந்திருக்கிறது என்பதை அது அளக்குமே தவிர, ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதை அளக்காது. எக்கோவும் ட்ரெட்மில்லும் எடுத்து முடித்த பின் கடைசியாக ஹீமோகுளோபின் பார்ப்பது வீண் செலவு. மிகையான தைராய்டும், சிறுநீரகச் செயலிழப்பும், கட்டுமீறிய சர்க்கரையால் ரத்தம் அமிலமாவதும் மூச்சை வேகப்படுத்தும். மூச்சுத் தசைகள் பலவீனமானாலும் அப்படித்தான். உதரவிதானம் தளர்ந்தவருக்குப் படுத்ததுமே திணறும்.

இதயம் அல்லாத நெஞ்சு வலியில் உணவுக்குழாய்க்குப் பெரிய பங்கு உண்டு. இரைப்பை அமிலம் மேலேறும்போது எரிச்சலே இல்லாமல் வெறும் அழுத்தமாகவும் உணரப்படலாம். உணவுக்குழாய்த் தசை இறுகினால் வரும் வலியை நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையே தணித்துவிடும். ஆகவே மாத்திரை கேட்டது, அதனால் இதயம்தான் என்று முடிவுகட்ட முடியாது. ஜெலூசில் குடித்துக் குறைந்தது, அதனால் கேஸ்தான் என்பதும் அதே அளவு பலவீனமான வாதம். இதயம் சரி என்று உறுதியான பின் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைச் சில வாரம் கொடுத்துப் பார்ப்பது நடைமுறை. பலனில்லை என்றால் எண்டோஸ்கோபி, பிறகு உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் சோதனை. பித்தப்பைக் கல்லும் நெஞ்சு வலியாக வேடமிட்டு வரும்.

மார்புச் சுவரின் வலியைக் கண்டுபிடிக்க விரலே போதும். நெஞ்செலும்பின் ஓரத்தில், விலா எலும்புகளின் குருத்தெலும்பு வந்து சேரும் மேடுகளை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே வந்தால், இரண்டாவது முதல் ஐந்தாவது விலாவுக்குள் ஏதோ ஓரிடத்தில் நோயாளி ‘ஆ, இதேதான்’ என்பார். பாரம் தூக்கியது, நாள்கணக்கான இருமல், புதிதாகத் தொடங்கிய உடற்பயிற்சி என்று முன்கதை ஏதாவது இருக்கும். அழற்சியோடு வீக்கமும் இருந்தால் அது டீட்சே 1921-இல் எழுதிய வகை. அழுத்தினால் வலிப்பது மாரடைப்பு வாய்ப்பைக் குறைக்கும், இல்லாமல் செய்யாது. சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் சும்மா உட்கார்ந்திருக்கையில் இடப்பக்கம் ஊசி குத்தியதுபோல வந்து, மூச்சை இழுக்க விடாமல் பிடித்து, ஓரிரு நிமிடங்களில் மறையும் வலி தீங்கற்றது. அக்கியில் கொப்புளம் தோன்றச் சில நாள் முன்பே ஒரு பக்கப் பட்டையாக எரியும். அந்த இடைவெளியில்தான் எல்லாச் சோதனையும் நடந்து எல்லாமே சரியாக வரும். கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்து தொடங்குவது நல்லது. அக்கி எழுதுபவரிடம் போய்விட்டு வருவதற்குள் அந்த நேரம் கடந்துவிடுகிறது.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் படைவீரர்களிடம் நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சு வாங்குதல் மூன்றும் சேர்ந்து, இதயத்தில் குறையேதும் காணாத நிலையை ஜேக்கப் டகோஸ்டா 1871-இல் விவரித்தார். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையிலும் அதே கதை. தாமஸ் லூயிஸ் படிப்படியான உடற்பயிற்சியால் பலரை மீட்டார். அன்று அவ்வாறு குறிக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு இன்று பீதித் தாக்கு என்ற பெயர் பொருந்தும். அதன் இயக்கம் தெளிவானது. மூச்சு வேகமாகும்போது கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறுகிறது. ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. வாயைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு வருகிறது, கை விரல்கள் இழுத்துக்கொள்கின்றன, தலை கிறுகிறுக்கிறது. செத்துவிடுவோம் என்ற அச்சம் மூச்சை இன்னும் முடுக்குகிறது. பத்து நிமிடங்களுக்குள் உச்சம், பிறகு இறக்கம். ஆக்ஸிமீட்டர் 99 அல்லது 100 காட்டிக்கொண்டிருக்கும். காகிதப் பைக்குள் மூச்சு விடச் செய்யும் பழைய வைத்தியம் இன்று பரிந்துரைக்கப்படுவதில்லை. உண்மையில் ரத்தக்கட்டியோ ஆஸ்துமாவோ இருந்தால் அது ஆபத்து. வேறொன்றும் கிடைக்கவில்லை, ஆகவே மனம்தான் என்று முடிவுசெய்வது சரியான நோயறிதல் ஆகாது; பீதித் தாக்குக்கென்று உள்ள அடையாளங்கள் இருந்தால் மட்டுமே அந்தப் பெயர் பொருந்தும். இதய நோயும் பீதியும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் உண்டு.

கோவிட் வந்து போன பின் பலருக்கு நெஞ்சு வலியும் மூச்சுத் திணறலும் மாதக்கணக்கில் தொடர்ந்தன. அவர்களில் சிலரிடம், படுத்திருந்து எழுந்து நின்ற பத்து நிமிடத்துக்குள் நாடி 30-க்கு மேல் கூடியது, ரத்த அழுத்தம் இறங்கவில்லை. தன்னியக்க நரம்புகளின் இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு கட்டிலும் கடிகாரமும் ரத்த அழுத்தக் கருவியும் போதும். இன்னும் பிடிபடாத மூச்சுத் திணறலுக்குச் சோதனையை நோயாளியின் அன்றாடத்துக்கு நெருக்கமாகக் கொண்டுபோக வேண்டும். உட்கார்ந்திருக்கையில் 97 காட்டும் ஆக்ஸிஜன், ஆறு நிமிடம் நடக்கவிட்டால் 86-க்கு இறங்கினால் நுரையீரல் தழும்பையோ நுரையீரல் தமனி அழுத்தத்தையோ தேட வேண்டும். 97-லேயே நின்றால் தேடல் வேறு பக்கம் திரும்பும். சைக்கிள் மிதித்துக்கொண்டே முகமூடி வழியாக மூச்சை அளக்கும் சோதனை, குறை இதயத்திலா, நுரையீரலிலா, பழக்கமற்றுத் தளர்ந்த தசையிலா என்பதைப் பிரித்துக் காட்டும். எடை கூடி, நடை குறைந்தவர்களில் பலர் கடைசி வகையில் வந்து சேர்கிறார்கள்.

எல்லாம் பார்த்த பிறகும் பெயரில்லாமல் எஞ்சும் வலி உண்டு. உள்ளுறுப்பு நரம்புகள் கூடுதல் கூருணர்வோடு, சாதாரண அசைவையே வலியாகக் கடத்துவது அதற்கு ஒரு விளக்கம். ஆஞ்சியோ இயல்பாக இருந்து நெஞ்சு வலி தொடர்ந்த 60 பேரிடம் நடந்து 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், மனச்சோர்வு மருந்தான இமிப்ரமின் வலி வரும் தடவைகளைப் பாதியாகக் குறைத்தது. மனநலக் கோளாறு இருந்தவர்கள், இல்லாதவர்கள் இருவருக்குமே அது பலித்தது. மூச்சுப் பயிற்சியும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் பலருக்கு உதவுகின்றன. கோப்பை மறுபடி திறக்க வேண்டிய நேரங்களும் உண்டு: நடக்கையில் மயக்கம், சளியில் ரத்தம், எடைக் குறைவு, ஒரு கால் மட்டும் வீங்குதல், உழைப்பில் மட்டும் வந்த வலி ஓய்விலும் வரத் தொடங்குதல். கடைசியாகச் சொன்னது புதிதாக நேர்ந்தால் வெளிநோயாளர் சீட்டுக்குக் காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும்.